அச்சமும் இளிவரலும்: ஓர் இரத்தக் காட்டேரிப் படத்தை முன்வைத்து

தமிழ்ச் சங்க மலரில் இரத்தக் காட்டேரிப் படத்துக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிலம்பும் குறளும் பேசப்படும் பக்கங்களில், கழுத்தைக் கடிப்பதும் தலையை வெட்டுவதுமான ஒரு படத்தைப் பற்றி எழுதுவதா? "அதெல்லாம் பசங்க ராத்திரியில உட்கார்ந்து பார்க்கிற சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அச்சத்தையும் இளிவரலையும் ஒதுக்கிவிடவில்லை. நகைக்கும் உவகைக்கும் கொடுத்த அதே மரியாதையை இவ்விரண்டுக்கும் கொடுத்திருக்கிறார். ஆகவே அச்சத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு படத்தை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதில் தவறேதும் இல்லை என்பது என் எண்ணம்.

நான் எடுத்துக்கொண்ட படம் 2007-இல் வெளிவந்த 'தர்ட்டி டேஸ் ஆஃப் நைட்'. தமிழில் 'முப்பது நாள் இரவு' எனலாம். இயக்கியவர் டேவிட் ஸ்லேட். தயாரிப்பாளர்களில் ஒருவர் பேய்ப்பட ரசிகர்கள் நன்கறிந்த சாம் ரெய்மி. ஸ்டீவ் நைல்ஸ் எழுதி, பென் டெம்பிள்ஸ்மித் வரைந்து, 2002-இல் வந்த சித்திரக்கதைதான் இதன் மூலம். நைல்ஸ் இதை முதலில் திரைப்படமாக எடுக்கத்தான் முயன்றார், யாரும் வாங்கவில்லை. பிறகு சித்திரக்கதையாக வந்து பெயர் பெற்றபின் அதே கதையைத் தேடிக்கொண்டு திரையுலகம் வந்தது.

கதை ஒரே வரியில் அடங்கும். அலாஸ்காவின் வடகோடியில் உள்ள பாரோ என்ற ஊரில் குளிர்காலத்தில் சூரியன் ஒரு மாதம் உதிப்பதில்லை. வெயில் பட்டால் சாகும் இரத்தக் காட்டேரிகளுக்கு இதைவிட நல்ல ஊர் ஏது? கும்பலாக வந்து இறங்கிவிடுகின்றன. இந்த ஒரு வரியைக் கேட்டதுமே, "அட, இது இத்தனை வருஷமா யாருக்கும் தோணலையே!" என்றுதான் எனக்குத் தோன்றியது.

தோன்றாமல் போனதற்குக் காரணம் உண்டு. வெயிலால் காட்டேரி சாகும் என்பது பழைய நம்பிக்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது சினிமா கொடுத்தது. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். 1922-இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படத்தில்தான் காலை வெளிச்சம் பட்டுக் காட்டேரி மறைகிறது. ஸ்டோக்கரின் மனைவியிடம் அனுமதி பெறாமல் எடுத்த படம் அது. அவர் வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்க நீதிமன்றம் 1925-இல் உத்தரவிட்டது. படம் எப்படியோ தப்பிப் பிழைத்தது. அதில் புகுத்திய அந்தப் புதுக் கற்பனையும் பிழைத்து, பின்வந்த படங்களுக்கெல்லாம் விதியாகவே ஆகிவிட்டது. 'முப்பது நாள் இரவு' அந்த விதியின் மேல் கட்டிய வீடு.

இனி அளவுகோலுக்கு வருவோம். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பது தொல்காப்பியர் கணக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. வருத்தும் தெய்வமும் பேயும், கொடிய விலங்கு, வழிப்பறிக்காரர், நமக்கு மேலே இருந்து ஆள்பவர் என்று விரித்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூறு ஆண்டுக் காட்டேரிப் படங்களைப் பார்த்தால் ஒரு மாற்றம் தெளிவாகப் புலப்படுகிறது.

காட்டேரி என்றைக்கும் அணங்குதான், அதில் மாற்றமில்லை. ஆனால் பழைய டிராகுலா அணங்காக இருந்ததோடு இறையாகவும் இருந்தான். அவன் ஒரு கோமகன். அவனுக்குக் கோட்டை உண்டு, குதிரை வண்டி உண்டு, ஊருக்குள் அவன் பெயரைச் சொன்னாலே நடுங்கும் குடிமக்கள் உண்டு. 1931-இல் பேலா லுகோசி நடித்த படத்தைப் பாருங்கள். மாலைநேர உடையில் படியிறங்கி வருகிறார், விருந்தாளியை வரவேற்கிறார். கோரைப்பல்கூட நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடிக்கும் இடத்தில் காமிரா மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. வரி வசூலிக்கும் ஜமீன்தார் மாதிரி, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறார். 1958-இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் கிறிஸ்டோபர் லீயை வைத்து வண்ணத்தில் எடுத்தபோது பல்லும் சிவப்பு இரத்தமும் திரைக்கு வந்தன. அப்போதும் அவர் கோமகன்தான்.

1987-இல் கேத்ரின் பிகலோ எடுத்த 'நியர் டார்க்' படத்தில் கோமகன் காணாமற் போனான். அங்கே காட்டேரிகள் ஜன்னலை அடைத்த வண்டியில் ஊர் ஊராகச் சுற்றும் நாடோடிக் கும்பல். சாராயக்கடையில் புகுந்து ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து வந்த 'முப்பது நாள் இரவு' அந்தப் பாதையில் இன்னும் ஓர் அடி வைத்தது. இதில் தலைவன் மார்லோவாக டேனி ஹூஸ்டன் நடிக்கிறார். அவனுக்கும் கோட்டு உண்டு. ஆனால் வாய் நிறையச் சுறாமீன் மாதிரி கூர்பற்கள். கண் முழுக்கக் கறுப்பு. முகவாயில் காய்ந்த இரத்தம், அதைத் துடைத்துக்கொள்வதுகூட இல்லை. அவன் கூட்டம் பேசுவது நமக்குப் புரியாத, தொண்டையும் நாக்கும் சொடுக்கும் ஒரு கற்பனை மொழி. எழுத்தில் மொழிபெயர்ப்பு காட்டுகிறார்கள். இறை போய்விட்டான், விலங்கும் கள்வனும் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

நவீனப் படங்களில் குருதி ஏன் இவ்வளவு கொட்டுகிறது என்ற கேள்விக்கு இதில்தான் விடை இருக்கிறது என்பேன். "வியாபாரத்துக்காக" என்பது பாதி விடை. ஆள்பவனுக்கு அவசரமில்லை, அவன் இரண்டு சொட்டு எடுத்தால் போதும்; நாளைக்கும் அந்தக் குடி அவனுக்கு வேண்டும். கொள்ளையனுக்கோ நாளை என்பது கிடையாது. கிடைத்ததைக் கிழித்துத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். காட்டேரியின் சமூகத் தகுதி இறங்க இறங்க, திரையில் இரத்தத்தின் அளவு ஏறியிருக்கிறது. ஆக, குருதி மேலே தெளித்த அலங்காரம் ஆகாது. அந்தப் பாத்திரம் இன்னார் என்று முடிவு செய்ததன் விளைவு அது.

படத்தின் முதல் பகுதி இதை மிக நன்றாக உணர்ந்து எடுக்கப்பட்டிருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். ஒரு சொட்டு மனித இரத்தம் சிந்துவதற்கு முன்பே, முன்னால் வந்த கையாள் ஒருவன் ஊரை ஊமையாக்கிவிடுகிறான். கைப்பேசிகள் திருடப்பட்டு எரிக்கப்படுகின்றன. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் கொல்லப்படுகின்றன. ஊரில் இருக்கும் ஹெலிகாப்டர் உடைக்கப்படுகிறது. பிறகு மின்சாரம் போகிறது. வெளியுலகத்தோடு இருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக அறுபடுவதை ஊர்க் காவலதிகாரி எபனோடு (ஜாஷ் ஹார்ட்நெட்) நாமும் எண்ணிக்கொண்டே போகிறோம். ஆநிரை கவரப் போகிறவர்கள் ஒற்றரை அனுப்பி வேவு பார்ப்பதை வெட்சித் திணையில் படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாக இருக்காது. கள்வரால் வரும் அச்சத்தின் இலக்கணமே இதுதான்: கதவு உடையும் ஓசையைவிட, அதற்கு முன் நாய் குரைப்பு நின்றுபோன அமைதி கொடியது.

அதன்பின் வரும் தாக்குதலில் ஒரு காட்சி பலராலும் பேசப்பட்டது. காமிரா தெருவுக்கு நேர் மேலே வானத்தில் இருக்கிறது. வெள்ளைப் பனி, கறுத்த வீடுகள், நடுவில் ஊர்த்தெரு. காமிரா மெல்ல நகர, கீழே துப்பாக்கியோடு ஓடுகிறவர்கள், இழுத்துச் செல்லப்படுகிறவர்கள், பனியில் நீண்டு கிடக்கும் இரத்தக் கோடுகள். முகங்கள் எதுவும் அருகில் இல்லை. மேலிருந்து பார்க்கும்போது ஊரே ஒரு வரைபடம் மாதிரி ஆகிவிடுகிறது. படத்தில் ஒரு பெண் கடவுளை அழைக்கும்போது மார்லோ வானத்தை அண்ணாந்து பார்த்து, அங்கே யாருமில்லை என்கிறான். அந்த யாருமில்லாத வானத்தின் கண்ணால் பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்பதுதான் இந்தக் காட்சி. இரத்தம் இங்கே மிகுதி. ஆனால் அருவருப்பு இல்லை, அச்சம்தான் இருக்கிறது.

இரத்தம் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கலை விமர்சனத்தில் கைவேலையை விட்டுவிட்டால் பாதி உண்மை போய்விடும். 1960-இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறையில் ஓடிய இரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படமாதலால் நிறம் ஒரு பொருட்டில்லை. வண்ணம் வந்தபின் டிக் ஸ்மித் என்ற ஒப்பனைக் கலைஞர் மக்காச்சோளப் பாகில் உணவு நிறமிகள் கலந்து ஒரு முறை வகுத்தார். பின்வந்தவர்கள் பலர் அதையே பின்பற்றினார்கள். வெட்டுப்படும் தலைக்கு நடிகரின் தலையையே அச்செடுத்து, சிலிக்கோனில் வார்த்து, முடியை ஒவ்வொன்றாக நடுவார்கள். இந்தப் படத்தில் அத்தகைய வேலைகளைச் செய்தது நியூசிலாந்தின் வேட்டா பட்டறை. படப்பிடிப்பும் அந்நாட்டின் ஆக்லாந்தை ஒட்டித்தான் நடந்தது. அங்கே பனி பெய்வதில்லை. ஆகவே தெருப்பனியையும் செய்துதான் போட்டார்கள். இரத்தமும் பொய், பனியும் பொய். இரண்டு பொய்யும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது நம் முதுகு சில்லிடுகிறது. இரத்தத்தைப் பளிச்சென்ற சிவப்பாகக் காட்டாமல், ஏறக்குறைய கறுப்பாகவே வைத்திருப்பது டெம்பிள்ஸ்மித்தின் ஓவியத்துக்குச் செய்த நியாயம்.

ஆனால் தாக்குதல் முடிந்து, தப்பியவர்கள் ஒரு வீட்டின் மேல்மாடத்தில் ஒளிந்தபின் படம் தடுமாறத் தொடங்குகிறது. நாட்கள் போவதை எழுத்தில் காட்டிவிட்டுத் தாவிவிடுகிறார்கள். என்ன தின்றார்கள், எப்படிக் குளிரைத் தாங்கினார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. முப்பது நாள் என்று தலைப்பில் சொல்லிவிட்டு, மூன்று ராத்திரி மாதிரி எடுத்தால் எப்படி? அச்சத்துக்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைக் கொடுக்காமல் அதற்குப் பதிலாகக் கோடரியைக் கொடுக்கிறார்கள். கடையில் காட்டேரியாகிவிட்ட ஒரு சிறுமி, ஊர்க்காரர் ஒருவர், பிறகு ஒரு நண்பர் என்று வெட்டுகள் தொடர்கின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளம். மூன்றாவது வெட்டில் எனக்கு வந்தது பயமில்லை. "சரி, போதும்ப்பா" என்ற சலிப்பு.

குருதி மட்டுமே அச்சம் தராது என்பதற்கு நம் இலக்கியத்திலேயே சான்று உண்டு. கலிங்கத்துப்பரணியில் இல்லாத இரத்தமா? செயங்கொண்டார் காட்டும் போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, பந்தி வைத்து உண்கின்றன. அதைப் படித்து யாரும் நடுங்குவதில்லை, சிரிக்கிறோம், வியக்கிறோம். காரணம், அது பகைவர் இரத்தம். அங்கே நடப்பது வெற்றி விருந்து. குருதி எந்த மெய்ப்பாட்டைத் தரும் என்பதைக் குருதியின் அளவு தீர்மானிப்பதில்லை, அது யாருடையது என்பதே தீர்மானிக்கிறது.

இளிவரல் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் சொல்வதும் இங்கே எண்ணத்தக்கது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கில் வெட்டுண்ட உடல் தனியாக இடம்பெறவில்லை. மனித உடல் தன்னால் இயலாமற் போகும் நிலையைத்தான் அவர் குறித்தார். இந்தப் படத்திலும் இளிவரல் உண்மையாகவே கூடிவரும் இடம் ஒன்று உண்டு. அங்கே கோடரி இல்லை. மேல்மாடத்தில் ஒளிந்திருப்பவர்களில் நினைவு தடுமாறிய முதியவர் ஒருவர். வெளியே என்ன நடக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சத்தம் போடுகிறார், வெளியே போகவேண்டும் என்கிறார். மகனுக்கு அவர் வாயைப் பொத்தவும் மனமில்லை, விடவும் முடியவில்லை. கடைசியில் அவர் போக, மகனும் பின்னால் போகிறான். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் இந்தக் காட்சி வயிற்றைப் பிசையும். இப்படி இன்னும் இரண்டு காட்சி இருந்திருந்தால் இந்தப் படத்தின் தரமே வேறு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பாரோ கற்பனை ஊரல்ல. வட அட்சம் 71 டிகிரிக்கு மேல் இருக்கும் உண்மையான ஊர். அங்கே சூரியன் மறைந்திருப்பது முப்பது நாள் அல்ல, ஏறத்தாழ அறுபத்தைந்து நாள். அந்த நாட்களிலும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் அந்திவெளிச்சம் இருக்கும். இந்த மாற்றங்களைக் கதைக்காகச் செய்த சுதந்திரம் என்று விட்டுவிடலாம். படம் வந்த காலத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த அந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனுப்பியாட் என்ற பழங்குடி மக்கள். திமிங்கில வேட்டையைச் சுற்றித் தம் வாழ்வையும் விழாவையும் அமைத்துக்கொண்டவர்கள். நெடிய இரவோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். 'பாரோ' என்பதே வெள்ளைக்காரர் வைத்த பெயர். பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தில் இருந்த சர் ஜான் பாரோவின் பெயரால் 1826-இல் அந்த முனைக்கு இட்டது. ஊரார் 2016-இல் வாக்கெடுத்து, உட்கியாக்விக் என்ற தங்கள் பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள்.

படத்தில் இந்த மக்கள் எங்கே? தேடித்தான் பார்க்கவேண்டும். நியூசிலாந்தின் மாவோரி, சமோவா வழிவந்த நடிகர்கள் ஓரிருவர் துணைவேடங்களில் வருகிறார்கள், அவ்வளவே. சித்திரக்கதையில் நாயகன் பெயர் எபன் ஓலமான். அது ஆர்க்டிக் பழங்குடியினரிடையே வழங்கும் பெயர். படத்தில் அது எபன் ஓல்சன் ஆகிவிட்டது. இரண்டு எழுத்து மாறியதில் ஒரு மனிதனுக்கு மண் மாறிவிட்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது அற்பமாகத் தோன்றாது. அலுவலகத்தில் பிறர் நாவுக்கு வசதியாக நம் பெயர் வெட்டப்படுவதை நாம் அறிவோம். "எல்லாரையும் மதராசின்னே கூப்பிடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பில் ஒரு கசப்பு உண்டு. அதனால்தான் இந்தப் பெயர் மாற்றம் என் கண்ணில் பட்டது. இதை அரசியல் குறை என்று மட்டும் நான் சொல்லவில்லை, கலைக்குறையும்கூட. குருதி யாருடையது என்பதுதான் மெய்ப்பாட்டைத் தீர்மானிக்கும் என்று மேலே சொன்னேன். ஒரு ஊர் அழிவதற்காக நம்மை வருந்தச் சொல்லும் படம், அந்த ஊர் மக்கள் பெரும்பாலோரைக் காட்டேரி வருவதற்கு முன்பே ஊரைவிட்டு அப்புறப்படுத்திவிட்டது. மீதி இருப்பவர்கள் அமெரிக்காவின் எந்தச் சிற்றூரிலும் இருக்கக்கூடியவர்கள். நெடிய இரவை அறிந்த ஒரு கிழவியாவது அந்த மேல்மாடத்தில் இருந்திருந்தால், நாள் எண்களுக்கு இடையே விழுந்த அந்த வெற்றிடங்கள் நிரம்பியிருக்கும். இரவில் எப்படிப் பசியடக்குவது, எப்படிக் குளிர் தாங்குவது, எப்படிப் பேசாமல் இருப்பது என்பதெல்லாம் அவர்கள் வாழ்க்கைக் கல்வி.

இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்று காட்டிய படம் 2025-இல் வந்துவிட்டது: ரயன் கூக்லரின் 'சின்னர்ஸ்'. இதுவும் குருதிக்குக் குறைவில்லாத காட்டேரிப் படம்தான். 1932-இல் மிசிசிப்பியில், கறுப்பின மக்கள் பாடி ஆட ஒரு கூடம் திறக்கும் இரவில் நடக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து வந்தார், யார் என்ன பாட்டுப் பாடுவார், மளிகைக்கடை நடத்தும் சீனக் குடும்பம் எது என்பதெல்லாம் முதல் பாதியில் நமக்கு நிதானமாகச் சொல்லப்படுகிறது. காட்டேரியைத் துரத்திவரும் சாக்டா பழங்குடி வேட்டைக்காரர்கள் சில நிமிடமே வருகிறார்கள்; ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பது புரிந்துவிடுகிறது. அழைக்காமல் உள்ளே வரக்கூடாது என்ற பழைய காட்டேரி விதியையும் அப்படம் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே இரத்தம் சிந்தும்போது ஒவ்வொரு சொட்டுக்கும் பெயர் இருக்கிறது.

இத்தனையும் சொன்னபின் 'முப்பது நாள் இரவு' படத்தின் முடிவுக்கு நியாயம் செய்யவேண்டும். மனைவியையும் மீதி ஊரையும் காப்பாற்ற வழியில்லை என்று கண்ட எபன், காட்டேரியாக மாறியவனின் இரத்தத்தைத் தன் உடம்பில் ஊசியால் ஏற்றிக்கொண்டு மார்லோவை எதிர்கொள்கிறான். சண்டை முடிகிறது, கும்பல் கலைகிறது. ஆனால் இனி வெயில் அவனுக்கும் பகை. ஓடி ஒளியாமல் மனைவி ஸ்டெல்லாவின் அருகில் உட்கார்ந்து, ஒரு மாதம் கழித்து வரும் சூரியனுக்காகக் காத்திருக்கிறான். வெளிச்சம் வருகிறது, அணைத்த கைக்குள்ளேயே அவன் சாம்பலாகிறான். அவ்வளவு நேரம் காத்திருந்த விடியலே இழப்பாக வருகிறது. இழவால் பிறக்கும் அழுகை என்று தொல்காப்பியர் வகுத்தது இதைத்தான். ஒரு சொட்டு இரத்தமும் இல்லாத இந்தக் காட்சிதான் படம் பார்த்துப் பல நாள் கழித்தும் மனதில் நிற்கிறது.

இதே டேவிட் ஸ்லேட் 2010-இல் 'டுவைலைட்' வரிசையின் 'எக்லிப்ஸ்' படத்தை இயக்கினார். அதில் காட்டேரி அழகான காதலன். வெயில் பட்டால் சாவதில்லை, மின்னுகிறான். ஆக, கோமகன் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டான். சந்தை எதைக் கேட்டாலும் செய்துதரும் திறமை ஸ்லேடுக்கு உண்டு என்பது இதில் தெரிகிறது. அந்தத் திறமை பாரோவின் வானத்திலிருந்து ஊரைப் பார்த்த அளவுக்கு, ஊருக்குள் இறங்கி வீட்டுக்கு வீடு பார்த்திருக்கலாம். நம் இளைஞர்களில் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் இன்று நிறையப் பேர். பேய்ப்படம்தான் எடுப்பேன் என்றால் தாராளமாக எடுக்கட்டும். இரத்தம் வேண்டுமென்றால் பாகு காய்ச்சட்டும். அதற்கு முன் கதை நடக்கும் ஊருக்குப் போய், அங்கே இருப்பவர்களின் பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுதிக்கொண்டு வரட்டும்.